சாதிய எப்பிடி கேக்கறது?

மல்லி,

எப்பிடிடி இருக்க? உன் மெயிலுக்கு உடனே பதில் போட முடியல, பேப்பர் திருத்தற வேலைனு அரூருக்கும் தர்மபுரிக்கும் பஸ்லயே பொழுது போயிடுச்சு. வெயில் தாங்கல. புளி இந்த வருஷம் சுமார்தான், ஆனா உனக்குனு கொட்டை எடுத்து வச்சிருக்கேன், அங்க வர்றவங்க யாராவது கெடச்சா குடுத்து விடறேன். சின்னவ பி.எட். முடிச்சிட்டா, இப்ப டெட்டுக்கு படிக்கறேன்னு செல்லை நோண்டிக்கிட்டு இருக்கா.

பேத்திக்கு ஃபார்ம் நிரப்பறப்ப உங்க வீட்ல நடந்த பஞ்சாயத்த படிச்சி சிரிச்சிட்டேன். மருமக மெக்சிகோ வழி, பையன் நம்ம மொரப்பூர் வழி, புள்ளைய எந்த இனத்தோட கட்டத்துல போடறதுனு. நானும் இதப் பத்தி கொஞ்சம் தேடிப் படிச்சேன். உங்க அமெரிக்காவுல ஹிஸ்பானிக்கானு, அதாவது மெக்சிகோ மாதிரி ஸ்பானிஷ் பேசற நாட்டு வழியானு ஒரு கேள்வி, என்ன இனம்னு தனியா இன்னொரு கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தாங்கல்ல, உன் சம்பந்தி மாதிரி ஆளுங்க ரெண்டாவது கேள்விக்கு வந்து பாத்தா வெள்ளை, கருப்பு, ஏசியன் எதுவுமே தன்னது மாதிரி தெரியாம 'வேற இனம்'னு டிக் பண்ணிட்டு போயிடறாங்க. 2020 சென்சஸ்ல அப்பிடி போட்டவங்க கிட்டத்தட்ட 5 கோடி பேராம்! அதனாலதான் 2024 மார்ச்ல விதிய மாத்தி ரெண்டையும் ஒரே கேள்வியாக்கி, எத்தனை பொருந்துதோ அத்தனையும் டிக் பண்ணுங்கனு சொல்லி, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்காக்காரங்களுக்கும் தனி கட்டம் குடுத்தாங்க. அதனால பேத்திக்கு ரெண்டையும் போடு, சண்ட எதுக்கு. அங்க போன நம்ம இந்தியாக்காரங்களையே 1920லேர்ந்து 1940 வரைக்கும் சென்சஸ்ல 'ஹிந்து'னு ஒரு இனமா எழுதியிருக்காங்க, சீக்கியரும் முஸ்லிமும் அதுலயேதான். 1970ல வெள்ளைக்காரங்க கணக்குல சேத்துட்டாங்க. 1980லதான் ஏசியன் இந்தியன்னு தனி கட்டம்.

இதெல்லாம் நான் ஏன் தேடறேன்னா இங்க 2027 சென்சஸ்ல சாதி கேக்கப் போறாங்க, டூட்டி எப்பிடியும் டீச்சருங்க எங்க தலையிலதான் விழும். எல்லா சாதியையும் கடைசியா எண்ணி வெளியிட்டது 1931லடி, சுதந்திரத்துக்கு அப்புறம் எஸ்சி எஸ்டி மட்டும்தான். நடுவுல 2011னு பேர் வச்சி தனியா ஒரு சாதி கணக்கெடுப்பு எடுத்தாங்களே, அதுல சொல்றத அப்பிடியே எழுதிக்கனு விட்டதுல 46 லட்சம் சாதி பேர் வந்து நின்னுச்சு, 1931ல 4,147தான். ஸ்பெல்லிங் ஒண்ணு, பட்டப்பேர் ஒண்ணு, குலம் கோத்திரம் ஒண்ணுனு எல்லாமே தனித்தனி சாதியா ஏறிப்போச்சு.

நம்ம ஊர்ல இது எப்பிடி ஆகும்னு உனக்கே தெரியும். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் திண்ணையில உக்காந்திருந்த ஒரு பெரியவர்கிட்ட "என்ன சாதிங்கய்யா"னு கேட்டா "கவுண்டருங்க"ம்பாரு, அதோட வெத்தலைய மடிச்சி வாயில போட்டுக்குவாரு, நம்ம மேல கேக்கக் கூடாது. வன்னியரும் இங்க கவுண்டர், கொங்கு வெள்ளாளரும் கவுண்டர், சித்தேரி மலையில போயி கேட்டா மலையாளி ஜனங்களும் கவுண்டர்தான். ஒருத்தர் எம்பிசி, ஒருத்தர் பிசி, ஒருத்தர் எஸ்டி. கவுண்டர்னு மட்டும் எழுதிட்டு வந்தா அந்த மலைக்காரரு எந்த கணக்குல போவாரு சொல்லு? ஓசூர் தேன்கனிக்கோட்டை பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம்னு மூணுலயும் பேர் சொல்லுவாங்க, அங்க டூட்டி பாக்கறவங்க பாவம்.

அதுக்குனு வெறும் பட்டியல் குடுத்தாலும் வம்புதான். பீகார்ல 2023ல சாதிக்கு சாதி நம்பர் கோடு போட்டாங்க, திருநங்கைகளையும் அதுல ஒரு சாதி மாதிரி சேத்து கோர்ட் வரைக்கும் போச்சு. கனடாவுல கணக்கெடுப்புல பூர்வீகம் என்னங்கற கேள்விக்கு கீழ உதாரணமா போடற பேர்ல யூதர்னு இல்லாம போனதுக்கே 2011ல 3 லட்சத்துக்கு மேல இருந்த அவங்க எண்ணிக்கை 2016ல ஒண்ணரை லட்சத்துக்கும் கீழ எறங்கிடுச்சு, ஆளுங்க எங்கயும் போகல. ஒரு பேர் கண்ணுல பட்டா ஒரு பதில், படலன்னா வேற பதில். அதனால மாவட்டத்துக்கு ஏத்த பட்டியல், அதுல உட்பிரிவு, எதுவும் ஒத்து வரலன்னா எழுதிக்க ஒரு எடம், சாதி வேணாம்கறவங்களுக்கும் ஒரு எடம், இது எல்லாமே இருக்கணும்ங்கறது என் கட்சி. கலப்பு கல்யாணம் பண்ணவங்க புள்ளைங்களுக்கு உன் பேத்தி மாதிரி ரெண்டு டிக் போட விட்டா என்ன கொறஞ்சு போகும்? அப்பன் சாதிதான்னு நாமளே எழுதிட்டு வரக்கூடாது.

இதவிட பெரிய தொல்லை கேக்காமயே எழுதறது. எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் சொல்றாரு, "தெரு பேர் தெரிஞ்சா போதும் டீச்சர், கேக்கணுமா என்ன"னு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். தெருவ வச்சி எழுதறதுக்கு சென்சஸ் எதுக்கு, எல்லாத்தையும் ஆபீஸ்லயே உக்காந்து எழுதிடலாமே. டவுன்ல இன்னொரு கூத்து, வாடகை வீட்ல இருக்கற எஸ்சி குடும்பம் ஹவுஸ் ஓனரு பக்கத்துல நிக்கறப்ப வாய தொறந்து சொல்லுமா? சொன்னா அடுத்த மாசம் வீடு இருக்குமா? வேற ஏதாவது பேர சொல்லிட்டு கதவ சாத்திக்குவாங்க. இந்த தடவ செல்போன்ல அவங்களே பதிவு பண்ணிக்கலாம்னு சொல்றது எனக்கு புடிச்சிருக்கு. அது முடியாதவங்களுக்கு ஸ்க்ரீன அவங்க பக்கம் திருப்பிக் காட்டி நீங்களே தொடுங்கம்மானு சொல்லணும், சத்தமா வாசிக்கவே கூடாது. ட்ரெய்னிங்ல இத கேக்கத்தான் போறேன், முன்னாடி பெஞ்சுலயே உக்காந்து.

உங்க ஊர் ஃபார்ம்ல அந்த கேள்வி இருக்கற பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பு, ட்ரெய்னிங்குக்கு கையில வச்சிக்கறேன். அண்ணன் சுகர் இப்ப எப்பிடி இருக்கு, அதப் பத்தி நீ ஒரு வரி கூட எழுதல.

வசந்தா