எத்தனை ஓம் என்று எழுதித் தாருங்கள்: ஆயில் மீட்டர் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் போட்டீர்கள், அதற்கு நன்றி. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான். ஆயிலை மாற்றிப் பாருங்கள், நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள், எங்கள் பொருளை வாங்கியதற்கு நன்றி. ஆயிலைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கேட்டது ஒரு துண்டுத் தாள்: ஆயில் சூட்டைக் காட்டும் உங்கள் மீட்டரின் சென்சாருக்கு எந்தச் சூட்டில் எத்தனை ஓம் மின்தடை என்று. அதைத்தான் இப்போது நாலு பேர் பார்க்கக் கேட்கிறேன்.

என் வண்டி 1973ஆம் வருடத்து ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன். 1600 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின். இந்த வண்டிக்காரர்களை நம்பியே மீட்டர் விற்கும் உங்களுக்கு அதன் ஜாதகத்தை நான் ஒப்பிக்க வேண்டியதில்லை. ரேடியேட்டர் கிடையாது, கூலண்ட் கிடையாது. இருப்பது ஒரு ஃபேனும் இரண்டரை லிட்டர் ஆயிலும். டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஒன்றுகூட இல்லை. ஆயில் விளக்கு உண்டு, ஆனால் அது அழுத்தத்துக்கானது. ஆயில் காய்ந்து காய்ந்து தண்ணீராய் இளகி, அழுத்தம் அடியோடு விழுந்த பிறகுதான் அது கண் சிமிட்டும். ஜெனரேட்டர் விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம், ஃபேனைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான் என்று நாமாகக் கணக்குப் போட்டு ஓரங்கட்ட வேண்டும். எஞ்சினோ பின்கோடியில். அதற்கும் எனக்கும் நடுவே ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஓர் அடுப்பு. சத்தமும் வாடையும் முன்சீட்டுக்கு வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். உங்கள் மீட்டரை வாங்கியது இதற்காகத்தான்.

மீட்டர் பார்க்க லட்சணமாகவே இருக்கிறது. 50 முதல் 150 வரை எண்கள், 120க்கு மேல் சிவப்புப் பட்டை, சுற்றிலும் பளபளக்கும் வளையம். ஆயிலை வடிக்கும் திருகு (டிரெயின் பிளக்) இருந்த இடத்தில் மாட்டும், சூட்டை உணரும் சென்சாரும் அதே பெட்டியில் வந்தது. பின்னாலிருந்து முன்னால்வரை வயரை இழுத்துக் கட்ட ஒரு முழு நாள் ஆனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

முதல் நீண்ட ஏற்றத்திலேயே முள் 130ஐத் தொட்டது. ஓரமாக நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் காத்திருந்து கிளம்பினால், அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் 130. அன்றைக்கு ஆறு முறை நிறுத்தினோம். ஆறாவது முறை வீட்டில் உள்ளவர்கள் இறங்கக்கூட இல்லை. இருட்டிவிட்டதால் அங்கேயே படுத்தோம். கேம்பர் வேன் வைத்திருப்பதில் இது ஒரு சௌகரியம், நடுவழியில் நின்றாலும் படுக்கை உண்டு.

வீடு திரும்பியதும் எஞ்சினைக் கீழே இறக்கினேன். இறக்குவது இந்த வண்டியில் பெரிய வித்தை இல்லைதான், சில போல்ட்கள். அதற்கு அப்புறம்தான் வேலை. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளையெல்லாம் கழற்றி, சிலிண்டர் விலாக்களுக்குள் எலி ஏதாவது கூடு கட்டியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தேன். இல்லை. குளிர்காற்றுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் மடல்கள் ஒழுங்காகத் திறந்தன. சூடான காற்று மறுபடி மேலே ஏறி ஃபேனுக்குள் போகாமல் தடுக்கும் ரப்பர் பட்டை நன்றாக இருந்தது, இருந்தாலும் மாற்றினேன். ஆயில் கூலரைக் கழற்றிக் கழுவினேன், மனம் ஒப்பாமல் புதிதே வாங்கிப் போட்டேன். இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தாயிற்று. ஐந்து வாரக் கடைசிகள் போயின. எஞ்சினை ஏற்றி அதே ஏற்றத்தில் ஓட்டினேன். 130.

அன்று மாலை, சும்மா ஒரு சந்தேகத்தில், சென்சாரைக் கழற்றினேன். வண்டியின் சொந்த அடுப்பிலேயே ஒரு சட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சென்சாரின் உடம்பிலிருந்து வண்டியின் உடம்புக்கு ஒரு எர்த் வயரைக் கொடுத்து அதில் முக்கினேன். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். உங்கள் முள் 120ஐக் காட்டியது. மல்டிமீட்டரை வைத்துத் தடையை அளந்தேன், 38 ஓம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சென்சாரின் அறுகோணப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றில் கடுகளவு எழுத்தில் 120 என்று பொறித்திருந்தது. 120 டிகிரி வரை காட்டும் மீட்டருக்கான சென்சாரை 150 டிகிரி வரை காட்டும் மீட்டரோடு ஒரே பெட்டியில் வைத்து ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். என் எஞ்சின் அந்த ஏற்றத்தில் 110 அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் குளிரும் எஞ்சின் ஒன்று மலை ஏறும்போது அவ்வளவு இருப்பது நியாயம்தான். நோயே இல்லாத எஞ்சினுக்கு அறுவை சிகிச்சை செய்திருக்கிறேன்.

உங்கள் மூன்றாவது பதிலில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது: எர்த் சரியில்லாமல் இருக்கலாமாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த சென்சாரில் சூடு ஏற ஏறத் தடை குறையும். எர்த் மோசமானால் தடை கூடும். அப்படியானால் முள் குறைத்துக் காட்டுமே தவிர கூட்டிக் காட்டாது. மீட்டர் செய்பவர்களுக்கு இதை மீட்டர் வாங்கியவன் எழுத வேண்டியிருக்கிறது.

ஒருவகையில் நான் கொடுத்து வைத்தவன். எனக்கு வாய்த்தது பயமுறுத்தும் பொய். பெட்டி மாறி, 120 டிகிரி மீட்டரோடு 150 டிகிரி சென்சார் யாருக்காவது போயிருந்தால் அவருக்குக் கிடைப்பது தாலாட்டும் பொய். ஆயில் வெந்துகொண்டிருக்கும்போது முள் சாவகாசமாக நடுவில் நிற்கும். வயர் எங்காவது உரசி அறுந்துபோனால் இன்னும் விசேஷம், எஞ்சின் ஜில்லென்று இருப்பதாகக் காட்டும். இந்த இரண்டையும் கண்டுபிடிக்க நேரான வழி மீட்டர் முனையிலிருந்து தடையை அளந்து பார்ப்பதுதான். அளந்த பின் ஒப்பிட ஓர் அட்டவணை வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்: எந்தச் சூட்டில் எத்தனை ஓம். 60, 80, 100, 120, 150 என ஐந்து வரி போதும்.

இதில் என்ன தொழில் ரகசியம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் பெட்டியில் பன்னிரண்டு மொழிகளில் எச்சரிக்கை இருக்கிறது. மீட்டரை விழுங்கக் கூடாது என்றுகூட இருக்கிறது. நானும் அந்த எண்ணத்தில் வாங்கவில்லை. ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று பெரிய எழுத்தில் போட இடம் இருந்திருக்கிறது, ஐந்து எண்களுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. இந்தக் காலத்துக் கார்களில் பலவற்றில் சூடு ஓரளவு ஏறி இறங்கினாலும் முள்ளை நடுவிலேயே நிற்கும்படி செய்துவைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவர் கலங்கக் கூடாதாம். அதைப் பிடிக்காதவர்கள்தான் பழைய வண்டியை வைத்துக்கொண்டு, கையில் கிரீஸோடு, கூடுதலாக ஒரு மீட்டர் வாங்கி மாட்டுகிறோம். எங்களிடமும் எண்ணை மறைத்தால் எப்படி?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மீட்டரில் வேறு குறை இல்லை. இரவில் வெளிச்சம் கண்ணைக் கூசவில்லை, முள் நடுங்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, புது ஆயில் கூலருக்கும் ஐந்து வாரக் கடைசிகளுக்கும் கணக்கு அனுப்பவும் மாட்டேன். தயவுசெய்து இரண்டு காரியம் செய்யுங்கள். சென்சார் எந்த மீட்டருக்கானது என்பதைப் பெட்டியின் மேல் கண்ணுக்குத் தெரிகிற அளவில் அச்சிடுங்கள். உள்ளே அந்த ஐந்து வரித் தாளை வையுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அதை அனுப்பி வைத்தால் பெரிய உதவி.

அதுவரைக்கும் என் டாஷ்போர்டில், உங்கள் பளபளக்கும் வளையத்துக்குக் கீழே, ‘20 கழிக்கவும்’ என்று பேனாவால் எழுதிய ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.

இப்படிக்கு,
1973ஆம் வருடத்து கேம்பர் வேன் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவன்