அம்மம்மாவின் அறைக்குக் கிழக்கு யன்னல்

சிலாவத்தை, முல்லைத்தீவு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வீட்டு வரைபடத்தை மூன்று நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வடிவாய் இருக்கிறது பிள்ளை. ஆனால் முன்சுவர் முழுக்கக் கண்ணாடி, மேலே ஐந்து அறை, அம்மம்மாவுக்கும் மாடியில் படுக்கை என்று போட்டிருக்கிறாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், கோவிக்காதே.

முதலில் இடம். மணல் மேட்டுக்கு முன்னால் வீட்டை வைத்திருக்கிறாய். 2004 மார்கழி 26 காலை கடல் எதுவரை வந்தது என்று உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது சின்னப்பிள்ளை, நான் மறக்கவில்லை. அந்த மேட்டில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியிலும் இராவணன் மீசைப் புல்லிலும் கை வைக்கவே கூடாது, மணலைப் பிடித்து வைத்திருப்பது அவைதான். வீடு அதற்குப் பின்னால், பனைகளுக்கும் உள்ளே வரட்டும். கடலில் இருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும், அதை எடுத்துவிட்டுத்தான் அத்திவாரம். மாடி வேண்டாம் என்று சொல்லவில்லை, உறுதியான தூணில் ஒரு மேல்தளமும் வெளியால் அகலமான படியும் போடு, கடல் ஏறினால் எல்லாரும் ஓடி ஏற வேண்டும்.

அப்புறம் காற்று. நீங்கள் பிள்ளைகளோடு வருவது ஆடி, ஆவணியில். அப்போது சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, தரைப்பக்கத்தில் இருந்து வீசும், பின்னேர வெயில் மேற்குச் சுவரைச் சுடும், ஆனால் வீட்டின் நிழல் கடல் பக்கம் விழும். அதனால் கிழக்கே 12 அடி அகலத்தில் ஒரு நீண்ட விறாந்தை. மத்தியானச் சாப்பாடு, கடதாசி விளையாட்டு, இரவுப் படுக்கை எல்லாம் அங்கேயே நடக்கும். குசினி வடக்கே இருந்தால் நண்டுக் கறி மணமும் புகையும் வீட்டுக்குள் வராமல் வெளியே போய்விடும். மாரியில் கடலில் இருந்து வாடைக் காற்று அடிக்கும்போது மழையும் உப்பும் நேரே அந்தக் கண்ணாடியில்தான் வந்து மோதும், ஆகவே கண்ணாடியைக் குறைத்து மரச் சட்டத்தில் கதவுகள் போடு.

இன்னொன்று, மேசன் யாராக இருந்தாலும் கரை மண்ணைக் கலவையில் போட விடமாட்டேன். இங்கே ஒரு வீடு கட்டி ஏழெட்டு வருடத்தில் கூரை வளையில் இருந்து கொங்கிறீற் பாளம் பாளமாக விழுந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, பழைய மரப்பட்டை போல உரிந்து வந்தது. உப்பு செய்கிற வேலை அது. ஆற்று மணல்தான் வேண்டும், கம்பியைச் சுற்றி 2 அங்குலமாவது கொங்கிறீற் மூடியிருக்க வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். இந்த மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாய் மிதக்கிறது, 20 பேர் குளிக்க மோட்டார் போட்டு இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். கிணறு ஆழமில்லாமல் இருக்கட்டும், கூரைத் தண்ணீர் விழ ஒரு பெரிய தொட்டியும் கட்டுவோம்.

ஐந்து அறை எதற்கு பிள்ளை? மூன்று போதும். வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்லாரும் கூடினால் யார் அறைக்குள் போய்ப் படுக்கப் போகிறார்கள்? சித்தப்பாவின் பிள்ளைகளும் உன் பிள்ளைகளும் ஒரே வரிசையில் பாய் போட்டுப் படுத்தால்தான் ஒருவரை ஒருவர் அறிவார்கள். உன் மகனுக்கு இங்கே இருக்கிற சொந்தங்களின் பெயர்கூடத் தெரியாது என்பது எனக்குப் பெரிய கவலை.

நேற்று பின்னேரம் வளவில் முளை அடித்துக் கயிறு கட்டிப் பார்த்தேன். அம்மம்மாவின் அறையைக் கீழே, படி இல்லாமல், பக்கத்திலேயே குளியலறையோடு வைத்தேன். அவரைக் கூட்டிவந்து கயிற்றுக்குள் கதிரை போட்டு இருத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யன்னல் எங்கே தம்பி?" என்று கேட்டார். கிழக்கே என்று சொல்லியிருக்கிறேன். வரைபடத்தில் அதை மட்டும் மாற்றிவிடாதே.

அன்புடன்,
அப்பா