ஒரே லென்ஸ் போதும்னு சொல்ற என் பொண்ணுக்கு

கண்ணு,

நேத்து நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ இப்பதான் முழுசா கேட்டு முடிச்சேன். ஏழு நிமிஷம் பேசிருக்க, அதுல அஞ்சு நிமிஷம் நீ வாங்கணும்கற அந்த 18-400 லென்ஸ் புராணம் (நம்பரெல்லாம் எம்எம், சின்னதுன்னா அகலமா தெரியும், பெருசுன்னா தூரத்துல இருக்கறது கிட்ட வரும்). உங்கப்பா தூங்கிட்டாரு, நான் வாயத் தொறந்தா எந்திரிச்சு வந்து அவரும் ஒரு பக்கம் ஆரம்பிச்சிடுவாரு, அதனால டைப் பண்றேன், அங்கங்க எழுத்து மாறியிருந்தா கண்டுக்காத.

நீ கேக்கறது நியாயந்தான். பை நெறைய லென்ஸ் தூக்கிட்டு அலைய முடியாது, ஒண்ணு மாட்டினா மாட்டினதுதான், அதுலயே எல்லாம் எடுக்கணும். இந்த ஆசை உனக்கு மட்டும் வந்ததில்ல. 1959லயே வாய்க்லாண்டர் கம்பெனிக்காரங்க ஜூமார்னு 36-82 ஒண்ணு விட்டாங்க, 35 எம்எம் ஸ்டில் கேமராவுக்குன்னு வந்த மொத ஜூம் அது. அப்ப 82ல நின்னது 2017ல டாம்ரான் புண்ணியத்துல 400க்கு வந்துடுச்சு, 22 மடங்கு ஜூம். பெட்டி மேல அந்த நம்பர பாத்தா யாருக்குத்தான் கை துறுதுறுன்னு இருக்காது.

எனக்கும் இருந்துச்சு. எந்த கம்பெனின்னு வேணாம், என்கிட்ட ஒரு 18-200 இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னதா இருக்கறப்ப நான் கழுத்துல மாட்டிட்டு குனிஞ்சா அதுவா சர்ருனு கீழ எறங்கி உன் தலைல இடிக்குமே, அதேதான். பெரிய ஜூம்ல முன்னாடி கண்ணாடி கனம், கீழ பாத்து தொங்கினா தானா நீண்டுடும், அதுக்குன்னு சிலதுல லாக் வச்சிருப்பாங்க, என்னோடதுல அதுவும் இல்ல, நான் ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தேன். அந்த லென்ஸ வச்சு எத்தனையோ வருஷம் எடுத்த படத்த எல்லாம் போன மாசம் ஹார்ட் டிஸ்க்ல இருந்து எடுத்து ஒழுங்கு பண்ண உக்காந்தேன், அப்ப ஒவ்வொரு படமும் எந்த எம்எம்ல எடுத்துருக்கோம்னு சும்மா பாக்க ஆரம்பிச்சேன். பாதிக்கு மேல 18க்கும் 35க்கும் நடுவுல. மிச்சத்துல முக்காவாசி 85க்குள்ள. 200ல எடுத்தது கொஞ்சம் இருந்துச்சு, எல்லாம் ஒரே மரத்துல உக்காந்த ஒரே காக்கா. அந்த காக்காவுக்காகவா நான் இத்தன வருஷம் கழுத்து வலிச்சு அலைஞ்சேன்னு இருந்துச்சு.

அதனால நீ மொதல்ல எந்த லென்ஸும் பாக்காத. கேமராவோட வந்த 18-55 உன்கிட்ட இருக்குல்ல, அதுல எடுத்த படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு ஃபோக்கல் லெங்த், அதாவது அந்த எம்எம், என்னன்னு பாரு, படத்து மேல ரைட் கிளிக் பண்ணி டீடெயில்ஸ் போனாலே காட்டும், ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் எவ்ளோ நேரம் தொறந்திருக்குங்கறது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்த கேமரா எவ்ளோ ஏத்திக் காட்டுதுங்கறது) எல்லாம் அங்கயே இருக்கும். எத்தனை படம் சரியா 18ல நிக்குதுன்னு எண்ணு, எத்தனை படம் 55ல நிக்குதுன்னு எண்ணு. அந்த நம்பர்ல நிக்குதுன்னா ஜூம் ரிங்க நீ அதுக்கு மேல திருப்பப் பாத்து திரும்பலன்னு அர்த்தம், அதாவது அங்க போய் முட்டிருக்க. எந்தப் பக்கம் ஜாஸ்தி முட்டிருக்கியோ அந்தப் பக்கம்தான் உனக்கு லென்ஸ் பத்தல. என் பந்தயம் என்னன்னா நீ 18ல தான் முட்டிருப்ப. நீ அனுப்பற படமெல்லாம் பாக்கறேனே, ரூம்ல ஓரத்துல நிக்கறவங்க பாதி கை இல்லாம இருக்காங்க, கட்டடத்துக்கு மேல் மாடி இல்ல.

இங்க ஒண்ணு புரிஞ்சிக்கணும். உன் நிக்கான் டி5600 கேமராவுல இருக்கறது கிராப் சென்சார், அதாவது படம் பதியற எடம் பழைய ஃபிலிம் அளவ விட சின்னது, அதனால எந்த நம்பர் போட்டிருந்தாலும் 1.5ஆல பெருக்கித்தான் பாக்கணும், 18ன்னா 27 மாதிரி தெரியும், கேனான் கிராப்னா 1.6. உன் ஃப்ரெண்டு சும்மா தரேன்னு சொன்ன அந்த 24-70 நல்ல லென்ஸ்தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா அது ஃபுல் ஃப்ரேமுக்கு, அதாவது அந்த ஃபிலிம் அளவு சென்சாருக்கு செஞ்சது, உன் கேமராவுல மாட்டினா 36ல ஆரம்பிச்சு 105ல முடியும், ஒரு ரூமுக்குள்ள நாலு பேர எடுக்க நீ செவுத்த ஒடைச்சிட்டு பின்னாடி போகணும். ஒரே லென்ஸ்தான்னு முடிவு பண்ணிட்டா கிராப் கேமராவுக்கு 18க்கு மேல ஆரம்பிக்கறத தொடவே தொடாத, 16 கெடைச்சா இன்னும் நல்லது. வெறும் 2 எம்எம் தானேன்னு நெனைப்ப. 18ல 76 டிகிரி தெரியும், 16ல 83 டிகிரி. ஓரத்துல வெட்டுப்படற ஆளு உள்ள வந்துடுவாரு. அதே 2 எம்எம் அந்தப் பக்கம் 198க்கும் 200க்கும் நடுவுல இருந்தா உனக்கு வித்தியாசமே தெரியாது.

தூரத்துல எடுக்க முடியாதேன்னு கேப்ப. உன் கேமரா 24 மெகாபிக்சல். 80ல எடுத்த படத்த பாதி பரப்புக்கு வெட்டினா 12 மெகாபிக்சல் மிச்சம், பாக்க 113ல எடுத்த மாதிரி இருக்கும். நாலுல ஒரு பங்கா வெட்டினா 160, அப்பவும் 6 மெகாபிக்சல் இருக்கு, போன்ல பாக்கறதுக்கும் ஆல்பத்துல ஒட்டற சைஸ் பிரிண்டுக்கும் அது தாராளம். வெட்டி கிட்ட கொண்டு வரலாம். எடுக்காம விட்ட ஓரத்த எந்த சாஃப்ட்வேரும் நெஜமா கொண்டு வராது (பனோரமா எடுத்து ஒட்டலாம்தான், ஆனா அசையற ஆளுங்கள வச்சு பண்ணிப் பாரு, மூணு கை வரும்).

இப்ப வெளிச்சத்துக்கு வரேன், இதுல தான் நான் நெறைய அடி வாங்கினது. நீ மூணாங்கிளாஸ் படிக்கறப்ப டிராமால ஓடி ஓடி டயலாக் பேசினியே, நான் கடைசி வரிசைல உக்காந்துட்டு அந்த 18-200அ முழுசா நீட்டி எடுத்தேன். விஆர் (ஆட்டத்த லென்ஸே சமாளிக்கறது) ஆன்ல இருந்துச்சு, அதான் ஆடாதுல்லனு தைரியம். வீட்டுக்கு வந்து பாத்தா பின்னாடி திரையோட மடிப்பு ஒவ்வொண்ணும் எண்ணிடலாம் போல அவ்ளோ ஷார்ப், நீ மட்டும் ஆவி மாதிரி தேஞ்சு போயிருக்க. அப்புறம்தான் மண்டைல ஏறிச்சு, விஆர் நம்ம கை ஆடறதத்தான் பிடிக்கும், எதிர்ல ஓடறவங்கள பிடிச்சு நிறுத்தாது. அதுக்கு ஷட்டர் ஸ்பீடு வேணும், ஷட்டர் ஸ்பீடுக்கு வெளிச்சம் வேணும், வெளிச்சத்துக்கு அப்பர்ச்சர், அதான் லென்ஸ் உள்ள இருக்கற ஓட்டை, பெருசா தொறக்கணும். நீட்டி ஜூம் பண்ண பண்ண இந்த மாதிரி லென்ஸெல்லாம் எஃப் 3.5ல இருந்து 5.6, 6.3ன்னு சுருங்கிடும் (இந்த எஃப் நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னதாகும்). கணக்கா சொல்றேன், எஃப் 5.6ல 1/15 செகண்டு ஷட்டர் ஸ்பீடு கெடைக்கற எடத்துல எஃப் 2.8ல 1/60 கெடைக்கும், நாலு மடங்கு வெளிச்சம். 1/15ல பேசிட்டு இருக்கற மொகம் கூட கலங்கும், 1/60ல உக்காந்து சிரிக்கறவங்க தப்பிச்சிடுவாங்க. ஓடற கொழந்தைக்கு ரெண்டும் பத்தாது, 1/250க்காவது போகணும், ஐஎஸ்ஓவ ஏத்து, சொரசொரன்னு வந்தாலும் பரவால்ல, சொரசொரன்னு ஒரு மொகம் இருக்கும்ல.

அதனால எண்ணறப்ப மூணாவதா இதையும் எண்ணிக்கோ, எத்தனை படம் ஐஎஸ்ஓ 3200க்கு மேல போயிருக்கு, எத்தனை 1/30க்கு கீழ எறங்கிருக்குன்னு. அது ஜாஸ்தின்னா நீ முட்டறது இருட்டுல, அதுக்கு 400 எம்எம் ஒரு உதவியும் பண்ணாது.

அந்த 18-400அ நான் மட்டம் தட்டறேன்னு நெனைக்காத. உங்கப்பா ஒரு விஷயம் சொல்லுவாரு, அது சரிதான்: தூசிக்காத்துல லென்ஸ் மாத்திட்டு இருக்கறதுக்குள்ள மான் காட்டுக்குள்ள போயிடும், சுமாரான படம் இல்லாத படத்த விட மேல்னு. நல்ல வெயில்ல, பகல்ல, நடந்துட்டே இருக்கற ஆளுக்கு அது ஒத்து வரும். ஆனா அது 700 கிராமுக்கு மேல, உன் கேமரா பேட்டரி போட்டே 465 கிராம்தான், கேமராவுல லென்ஸ் மாட்டிருக்கா லென்ஸ்ல கேமரா மாட்டிருக்கான்னு இருக்கும். இவ்ளோ பெரிய ஜூம்ல 18 பக்கம் நேர் கோடெல்லாம் வெளிய உப்பும், கொஞ்சம் ஜூம் பண்ணினா உள்ள குழியும், கதவு ஜன்னல் கடல் கோடு எல்லாத்துலயும் தெரியும், கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம்தான், ஆனா ஒவ்வொண்ணா உக்காந்து பண்ற பொறுமை உனக்கு கெடையாது, எனக்கு தெரியும். இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, கிட்ட இருக்கறத ஃபோக்கஸ் பண்றப்ப இந்த மாதிரி லென்ஸ் நெறைய அதோட நீளத்த உள்ளுக்குள்ள சுருக்கிக்கும். நான் ரெண்டு மீட்டர்ல உன் தம்பிய நிக்க வச்சு என் 18-200அ 200ல வச்சு எடுத்தேன், அப்புறம் உங்கப்பாவோட 70-300அயும் அதே 200ல வச்சு எடுத்தேன், என் படத்துல அவன் மொகம் சின்னதா இருக்கு, லென்ஸ் கெட்டுப்போச்சுன்னு ஒரு வாரம் பொலம்பினேன். கெடல, அது அப்படித்தான்.

சரி, என்னதான் வாங்கறது. எனக்கு வாங்கறதா இருந்தா நிக்கான் 16-80, எஃப் 2.8ல ஆரம்பிச்சு 4ல முடியறது, 2015ல வந்தது, 480 கிராம். 24ல இருந்து 120 வரைக்கும் பாக்கற மாதிரி. 80லயும் 4 தான், 5.6க்கு ரெண்டு மடங்கு வெளிச்சம். காசு ஜாஸ்தி, புதுசா வேணாம், செகண்ட் ஹேண்ட் தேடு. நீ வெளில தான் சுத்தறன்னா 18-140 போதும், அதுவும் ஏறத்தாழ அதே கனம், கேனான் வச்சிருக்கவங்களுக்கு 18-135 எப்படியோ அப்படி. ஆனா உன் படம் முக்காவாசி ரூமுக்குள்ள, சாயங்காலத்துக்கு மேல, ஆளுங்கள வச்சுன்னா சிக்மா 17-50 எஃப் 2.8, முழுக்க 2.8லயே நிக்கும். டாம்ரான்லயும் 17-50 இருக்கு, ஆனா அதோட பழைய மாடலுக்குள்ள ஃபோக்கஸ் மோட்டார் கெடையாது, உன் டி5600 பாடிலயும் மோட்டார் கெடையாது, ரெண்டும் சேந்தா நீ கையாலதான் ஃபோக்கஸ் திருப்பணும். பழைய லென்ஸ் எது வாங்கினாலும் இத கேக்காம வாங்காத. நாளைக்கு நீ நிக்கான் மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத புது மாதிரி கேமரா) போனாலும் ஏஎஃப்-எஸ்னு போட்ட, உள்ளயே மோட்டார் இருக்கற நிக்கான் லென்ஸ எஃப்டிசெட்ங்கற நிக்கான் இணைப்பு வளையம் போட்டு ஓட்டலாம், ஆட்டோ ஃபோக்கஸ் வேல செய்யும், அதனால வாங்கற காசு வீணாகாது.

செகண்ட் ஹேண்ட்ல டார்ச்ச ஒரு பக்கத்துல இருந்து அடிச்சு மறுபக்கம் பாரு, ஓரத்துல சிலந்தி நூல் மாதிரி இருந்தா பூஞ்சை, வாங்காத, வெல எவ்ளோ கொறைச்சாலும் வாங்காத. நாலு தூசி இருந்தா பரவால்ல. ஜூம் ரிங் வழில எங்கயாவது பிடிக்குதான்னு திருப்பிப் பாரு. அப்புறம் ஒரு செங்கல் செவுத்த நேரா நின்னு எடுத்து நாலு மூலையையும் பெருசு பண்ணிப் பாரு, ஒரு மூலை மட்டும் மங்கலா இருந்தா உள்ள கண்ணாடி நகந்திருக்கு, அது கீழ விழுந்த லென்ஸா இருக்கலாம்.

அப்புறம் மறந்துட்டேன், என் 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ உனக்கே குடுத்துடலாம்னு இருக்கேன். 200 கிராம் தான், பைல ஒரு மூலைல கெடக்கும், ஒரே லென்ஸ்னு சொல்லிட்டு ரெண்டாவது எதுக்குன்னு கேக்காத, இருட்டு வந்தா நீயே எடுத்து மாட்டுவ. இப்பவே அனுப்பிருப்பேன், பின்பக்க மூடிய உன் தம்பி எங்கயோ வச்சுட்டு நான் வைக்கலங்கறான், மூடி இல்லாம அனுப்ப மனசு வரல. தேடிட்டு இருக்கேன். நீ அதுக்குள்ள 18 எத்தனை, 55 எத்தனை, இருட்டு எத்தனைன்னு எண்ணி அனுப்பு, ஏழு நிமிஷம் பேச வேணாம், மூணு நம்பர் போதும்.

அம்மா