நெறியாளர் வாதாடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகங்களில் மாணவர் தத்துவ மன்றங்கள் தொடங்கிய வேகத்திலேயே படுத்துவிடுவதைப் பற்றிய கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். மாணவர்களுக்கு நாட்டமில்லை என்று அது பழியை அவர்கள் தலையில் போடுகிறது. நாட்டமில்லாதவர்கள் முதல் கூட்டத்துக்கு அறை நிறைய ஏன் வரப்போகிறார்கள்? மூன்றாவது கூட்டத்துக்கு அவர்கள் வராமல் போனால், கூட்டம் நடந்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வழக்கமாக நடப்பது இது: பேராசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவார், கடைசிப் பத்து நிமிடம் கேள்விகளுக்கு. இது வருகைப் பதிவு இல்லாத வகுப்பு. வருகைப் பதிவு இல்லாத வகுப்புக்கு யார் வருவார்கள்? விகிதத்தைத் தலைகீழாக்க வேண்டும். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் அறிமுகத்துக்குப் பதினைந்து நிமிடம் போதும், மீதி முழுவதும் விவாதத்துக்கு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தத்துவ மன்றமான மாரல் சயின்சஸ் கிளப்பில் 1912இல் தத்துவவாதி விட்கன்ஸ்டைன் 'தத்துவம் என்றால் என்ன' என்ற கட்டுரையை ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் வாசித்து முடித்தார். அந்த அளவுக்குச் சுருக்க வேண்டாம். ஆனால் அறிமுகம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் கேட்பவர்கள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். அதன்பின் அவர்களைப் பேசவைப்பது கடினம். சிறப்பு விருந்தினர் செமஸ்டருக்கு ஒருவர் போதும்.

தலைப்பு எப்போதும் ஒரு கேள்வியாக இருக்கட்டும். 'நீதி' என்று அறிவித்தால் ஆளுக்கொரு திசையில் போவார்கள். 'ஒருபோதும் அகப்படமாட்டோம் என்று தெரிந்தால் நேர்மையாக நடக்கக் காரணம் உண்டா?' என்று கேட்டால் தத்துவமே படிக்காதவரும் வாய் திறப்பார். பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் புத்தகத்தில் வரும், அணிந்தவரை மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் கைகஸ் மோதிரத்தின் கதையை அதன்பின் நீட்டினால் ஆவலோடு படிப்பார்கள். அடுத்த வாரத்துக்குள் முழு நூலைப் படித்து வரச் சொல்வது வீண். பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள், படிக்காதவர்கள் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுவார்கள். இரண்டு மூன்று பக்கத்தை ஒளிநகல் எடுத்து, கூட்டத்திலேயே உரக்கப் படிப்பது நல்லது. 1963இல் வெளியான, அமெரிக்கத் தத்துவவாதி கெட்டியரின் கட்டுரை மூன்றே பக்கம். 'நியாயமான காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கையே அறிவு' என்ற வரையறையை அது ஆட்டங்காண வைத்தது.

கடவுள் இருப்பு பற்றிய கேள்வியை முதல் மாதத்தில் எடுக்காமலிருப்பது நலம். ஒருவரையொருவர் அறியாதவர்கள் அங்கே வாதத்தை விட்டுவிட்டுத் தங்கள் அடையாளத்தைக் காக்க இறங்கிவிடுவார்கள். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின்னும் கிரேக்கக் கதைநாயகன் தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்பது போன்ற, யாருக்கும் காயம் படாத புதிர்களில் கை பழகட்டும்.

மன்றத்தின் உயிர் நெறியாளர் கையில்தான் இருக்கிறது. அவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. இது பலருக்கும் கசக்கும், ஏனென்றால் நன்றாக வாதாடுகிறவரைத்தான் நெறியாளராகத் தேர்ந்தெடுக்கிறோம். அதே கேம்பிரிட்ஜ் மன்றத்தில் 25.10.1946 அன்று 'தத்துவப் பிரச்சினைகள் உண்டா?' என்று பேச தத்துவவாதி கார்ல் பாப்பர் வந்தார். தலைமை வகித்த விட்கன்ஸ்டைனே அவரோடு மோதினார். இன்று அந்தக் கூட்டம் என்றதும் நினைவுக்கு வருவது விட்கன்ஸ்டைன் கையிலிருந்த, கணப்புத் தீயைக் கிளறும் கம்பிதான். என்ன வாதம் நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நெறியாளர் செய்ய வேண்டிய வேலை வேறு. புதிய கருத்துக்கு முழுக் கையை உயர்த்துவது, இப்போது பேசியதற்கு நேரடி மறுமொழியென்றால் ஒரு விரலை மட்டும் காட்டுவது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விரலுக்கு முன்னுரிமை, அதுவும் இரண்டு மூன்று முறைதான். இல்லாவிட்டால் இருவர் உரையாடலை மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அன்று இன்னும் பேசாதவர் கை தூக்கினால் வரிசையில் அவரை மேலே ஏற்ற வேண்டும். 'காண்ட் சொல்லியிருக்கிறார்' என்று யாராவது தொடங்கினால், பெயரை விட்டுவிட்டு வாதத்தைச் சொல்லும்படி கேட்க வேண்டும். தத்துவத் துறை மாணவர்கள் மற்றவர்களை விரட்டிவிடுவது பெரும்பாலும் இந்தப் பெயர்களால்தான்.

கற்பனைச் சூழலை வைத்து ஒரு கருத்தைச் சோதிக்கும் சிந்தனைச் சோதனைகளில் இன்னொரு தொல்லை உண்டு. தத்துவவாதி பிலிப்பா ஃபூட் 1967இல் முன்வைத்த டிராம் வண்டிப் புதிரை (கட்டுப்பாடிழந்த வண்டி ஐந்து பேர் மீது ஏறப்போகிறது, ஒருவர் மட்டும் இருக்கும் பாதைக்கு அதைத் திருப்பலாமா?) எடுத்தால் 'தண்டவாளத்தில் இருப்பவர்களைக் கூவி எச்சரிக்கலாமே' என்று ஒருவர் நிச்சயம் நழுவுவார். விவரங்களை மாற்ற அனுமதியில்லை என்று அப்போதே சொல்லாவிட்டால் அடுத்த அரைமணி நேரம் போக்குவரத்துப் பொறியியலில் கழியும்.

பண்டைய இந்தியத் தர்க்க நூலான நியாய சூத்திரம் வாதம், ஜல்பம், விதண்டை என்று மூன்றைப் பிரிக்கிறது: உண்மையை அறியப் பேசுவது, வெல்லப் பேசுவது, தனக்கென ஒரு நிலைப்பாடும் இல்லாமல் எதிராளியை மட்டும் உடைப்பது. மூன்றாவது வகையினர் எல்லா மன்றத்திலும் ஒருவராவது இருப்பார். 'சரி, உங்கள் நிலை என்ன?' என்ற கேள்வி அவரை அடக்கிவிடும்.

பதினைந்து பேருக்கு மேல் வந்தால் இரண்டு வட்டங்களாகப் பிரியுங்கள். எட்டுப் பேர் வந்தால் தோல்வியல்ல, பேச்சுக்கு அதுவே நல்ல அளவு. கிழமை, நேரம், அறை மூன்றும் செமஸ்டர் முழுக்க மாறக் கூடாது. வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு மட்டுமே. அங்கே விவாதம் தொடங்கினால் கூட்டத்தில் பேச ஒன்றும் மிஞ்சாது.

இவ்வளவும் சரியாக நடந்த மன்றங்களும் ஒரே கோடை விடுமுறையில் மறைந்துவிடுவதுண்டு. பொறுப்பாளர்கள் எல்லோரும் இறுதியாண்டு மாணவர்களாக இருப்பதுதான் காரணம். கடைசி செமஸ்டரின் தொடக்கத்திலேயே இளையவர் இருவரைத் தேர்ந்து, குறைந்தது மூன்று கூட்டங்களை அவர்களே நடத்தும்படி விட வேண்டும். மின்னஞ்சல் கடவுச்சொல், வாட்ஸ்அப் நிர்வாகி உரிமை, அறை ஒதுக்கீட்டுக்கு யாரிடம் எந்தப் படிவம் தர வேண்டும் என்ற குறிப்பு, எடுத்த கேள்விகளின் பட்டியல், அவற்றில் சோபிக்காதவை எவை என்ற விவரம் ஆகியவற்றைத் தேர்வு தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். தேர்வு முடிந்த மறுநாள் விடுதியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தத்துவத் துறை ஆசிரியர் ஒருவர்