கார்ட்டூம் அவசர உதவி அறைகளுக்கு ஒரு நன்றி மடல்

சூடான் தலைநகரின் கார்ட்டூம், பஹ்ரி, ஓம்துர்மான் பகுதிகளில் அவசர உதவி அறைகள் என்ற அக்கம்பக்க உதவிக் குழுக்களை நடத்தும் தன்னார்வலர்களுக்கு,

வணக்கம். போர் நடக்கும் ஊர்களில் குடிநீர், டயாலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்வது) வேலை பார்ப்பவர்கள் எழுதுகிறோம். 2023 ஏப்ரல் 15-இல் சூடான் ராணுவமும் துரித ஆதரவுப் படை என்ற துணை ராணுவப் படையும் மோதத் தொடங்கின. 2025 மார்ச்சில்தான் குடியரசு மாளிகையும் விமான நிலையமும் மீண்டும் ராணுவத்தின் கைக்கு வந்தன. ராணுவத்திடம் விமானமும் பீரங்கியும் இருந்தன. மறுதரப்பு குடியிருப்புகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. நைல் மூன்றாகப் பிரித்த தலைநகரில் பாலம் யார் வசமோ, சரக்குப் போக்குவரத்தும் அவர் வசம். 2023 நவம்பரில் ஓம்துர்மானையும் பஹ்ரியையும் இணைத்த ஷம்பாத் பாலமும் உடைந்தது. இரு தரப்பும் உங்களில் பலரைப் பிடித்து அடைத்தன. அப்படியும் பொதுச் சமையற்கூடங்களின் அடுப்பை அணையவிடாததற்கு முதல் நன்றி.

பஹ்ரி நீர் சுத்திகரிப்பு நிலையம் போரின் தொடக்கத்திலேயே நின்றது. அது சண்டை நடக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டதால் பழுது பார்க்க ஆள் போக வழியில்லை. ஓம்துர்மானில் மனாரா நிலையத்தை ஓட்டியவர்களுக்கும், கழுதை வண்டியில் தண்ணீர் கொண்டுபோனவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆற்றில் நேரே மொள்ளும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஜூலை முதல் செப்டம்பர் வரை நீல நைல் வண்டலோடு வரும். கலங்கல் நீரில் குளோரின் விட்டால் வண்டலே அதைத் தின்றுவிடும், கிருமி அப்படியே இருக்கும். இரவு முழுக்க அசைக்காமல் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் துணியில் வடிகட்டுங்கள். வாசனை சேர்க்காத 5% பிளீச் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு, 30 நிமிடம் பொறுங்கள். லேசான குளோரின் வாடை வராவிட்டால் இன்னும் 2 சொட்டு விட்டுக் காத்திருங்கள். வெயிலில் வைத்த பிளீச் வீரியம் இழந்திருக்கும். சொட்டுக் கணக்கு பொய்த்துப்போவது பெரும்பாலும் அதனால்தான். ஸீர் என்னும் மண் தண்ணீர்ப் பானைக்குள் கைவிட்டு மொண்டால் பட்ட பாடெல்லாம் வீண். நீளக் காம்புள்ள குவளை ஒன்று போதும்.

டயாலிசிஸ் செவிலியர்களுக்கு என்ன சொல்வது! ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் 4 மணி நேரத்துக்கு 120 லிட்டர் சுத்த நீர் வேண்டும்; நீரைச் சுத்தமாக்கும் ஆர்.ஓ. வடிகட்டி கழித்துத் தள்ளுவது தனி. ஜெனரேட்டர் டீசல் தீர்ந்து இயந்திரம் நின்றால் குழாயில் ரத்தம் உறையத் தொடங்கும். கைப்பிடியைப் பொருத்தி ரத்த பம்பை மெதுவாகச் சுற்றி, ரத்தத்தை உடம்புக்கே திருப்பிவிட வேண்டும். அப்போது காற்றுக் குமிழியைப் பிடிக்கும் கருவி வேலை செய்யாது. ஆகவே ஒருவர் சுற்ற, ரத்தத்தைத் திருப்பிவிடும் குழாயை விட்டு இன்னொருவரின் கண் அகலக்கூடாது. காற்று ஏறினால் உயிர் போகும். ஆள் பற்றாத வார்டில் இந்த இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? இதற்குத் தகுந்த நன்றிச் சொல் எங்களிடம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து பங்காக் என்ற கார்ட்டூம் வங்கியின் கைபேசிச் செயலி வழியாகப் பணம் அனுப்பியவர்களுக்கும் நன்றி. 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு அறுந்தபோது, அனுப்பிய பணம் கணக்கில் இருந்தும் பருப்பு வாங்க முடியாமல் பொதுச் சமையற்கூடங்கள் மூடின. இணைப்பு இருக்கும் நாளிலேயே அனுப்பிவையுங்கள். பீன்ஸும் பருப்பும் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். பீன்ஸை முந்தின இரவே ஊறப்போட்டால் அடுப்புக்கரியும் மிஞ்சும்.

நன்றியுடன்,
நீர், டயாலிசிஸ் பணியாளர்கள் சிலர்