அந்த இரும்பைக் கையால் தூக்காதே

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கௌரி,

நான்கு மாதமாக நான் எழுதவில்லை. பெரியவன் கல்யாணம், தறிவீட்டுக்கு ஓடு மாற்றியது என்று காரணம் சொன்னால் நீ ஏற்கமாட்டாய், அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வசந்தா அந்தப் பச்சைப் புடவையை இன்னும் திருப்பித் தரவில்லை.

நேற்று நீ அனுப்பிய வீடியோவை ஏழெட்டு முறை பார்த்துவிட்டேன். காப்பிக் களத்தில் நின்று 16 கிலோ கெட்டில்பெல்லை, அந்தக் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை, வீசுகிறாய். பின்னால் மூடுபனி, உன் மருமகளின் கைதட்டல். ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஓர் ஆசை உனக்கு வந்திருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஒன்பதாவது வீச்சிலிருந்து உன் முதுகைப் பார், வில்லாக வளைகிறது. இரும்பைக் கீழே வைத்ததும் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொள்கிறாய். “லேசான வலிதான், போய்விடும்” என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உன் வேலை அதுதானே.

நான் முதலில் சேர்ந்த ஜிம்மில் முதல் நாளே கையில் இரும்பைக் கொடுத்து “இருபது அடிங்கள்” என்றார்கள். எப்படி நிற்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்து நாள் படுக்கையில் கிடந்தேன். திரும்பிப் படுக்கக்கூட என் வீட்டுக்காரர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண் கிடைத்தாள். அவள் மூன்று வாரம் இரும்பைத் தொடவே விடவில்லை.

அவள் சொன்னதில் முக்கியமானது இது. கெட்டில்பெல் ஸ்விங் என்கிற இந்த வீச்சு கைக்கான பயிற்சியே இல்லை, கௌரி. கை வெறும் கயிறு. இரும்பை எறிவது இடுப்பு. நீ செய்வது பாதி தோப்புக்கரணம்: முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுந்து, தோளால் இரும்பை மேலே இழுக்கிறாய். முழங்கால் கொஞ்சம்தான் மடங்க வேண்டும். பின்பக்கம் நன்றாகப் பின்னால் போக வேண்டும். உங்கள் தெருக் குழாயில் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வருவோமே, கையில் இடமில்லாமல் கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவு. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுவருக்கு முதுகு காட்டி நில். பின்பக்கம் சுவரைத் தொடும்வரை மடங்கு, நிமிர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நின்று பழகு. ஓர் ஒட்டடைக் கம்பை முதுகோடு நீளவாக்கில் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு, மூன்றும் கம்பைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குனியும்போது ஒன்று விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம்.

போன வாரம் மஞ்சள் வாங்க லீ பஜார் போனேன். ஒருவர் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்குக் குறையாது. மூட்டையை உடம்போடு அணைத்துக்கொள்கிறார், மூச்சை ஒரு கணம் நிறுத்துகிறார், இடுப்பால் ஓர் உந்து. மூட்டை தானாகத் தோளுக்கு ஏறுகிறது. முதுகு பலகை மாதிரி நேராக இருக்கிறது. மஞ்சளை மறந்து கால் மணி நேரம் அங்கேயே நின்றேன்.

உனக்கு இன்னொன்று தெரியுமா? இந்தக் கெட்டில்பெல்லே ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல்தான். அவர்கள் அதைக் கிர்யா என்கிறார்கள். பழைய அளவான ஒரு பூட் நம் கணக்கில் 16.38 கிலோ. அதனால்தான் ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் கணக்கில் 16, 24, 32 என்று எடைகள் வருகின்றன. செவ்வாய்ப்பேட்டையில் உன் அப்பா கடையில் கைப்பிடி வைத்த இருபது கிலோ கல் இருந்ததே, அதற்குத் தூரத்துச் சொந்தம். அப்பா அதை ஒருநாளும் முதுகை வளைத்து எடுத்ததில்லை. நீ பார்க்கவில்லையா?

வீச்சில் உன்னிடம் பார்த்த இன்னொரு பிழை, அவசரம். இரும்பு மார்புயரத்துக்கு வந்து ஒரு நொடி கனமில்லாமல் மிதக்கும். அங்கே நீ மரம்போல நிற்க வேண்டும்: முழங்கால் நேராக, வயிறும் பின்பக்கமும் இறுகி, மூச்சு “ஸ்” என்று வெளியே. பின்னால் சாயக்கூடாது. அது இறங்கத் தொடங்கியதுமே நீ குனிந்துவிடுகிறாய். அப்போது இரும்பு முழங்காலுக்குக் கீழே போய் உன் முதுகைப் பிடித்து இழுக்கிறது. காத்திரு. முன்கை தொடையைத் தொடப்போகும் நேரத்தில் மடங்கு. இரும்பு முழங்காலுக்கு மேலேயே, தொடையிடுக்கை ஒட்டிப் பின்னால் போகட்டும். இந்தக் காத்திருப்பு எனக்குக் கைவர இரண்டு மாதம் ஆயிற்று. வந்த அன்றைக்கு வலி இல்லை, சத்தம் இல்லை, இரும்பு ஊஞ்சல் மாதிரி போய்வந்தது. அந்தச் சுகத்தை உனக்கு எழுத்தில் எப்படிச் சொல்வேன்!

முன்கையில் நீலம் பாரித்திருக்கிறது என்றாயே, அது கிளீன், அதாவது இரும்பைக் கீழிருந்து தோளுக்கு ஏற்றும் அசைவு, செய்யும்போது வருவது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து இரும்பைத் தூரமாக வீசினால் அது கவிழ்ந்து மணிக்கட்டின் மேல் அறையும். முழங்கையை விலாவோடு வைத்து, பிடியைத் தளர்த்தி, கையைக் கைப்பிடிக்குள் நுழைத்துவிடு. ஆனால் ஸ்விங் சரியாகும்வரை கிளீன் வேண்டாம். உள்ளங்கையில் காய்த்த தோலை அவ்வப்போது தேய்த்துவிடு. பிய்ந்துபோனால் காப்பிப் பழம் பறிக்கும் மாதத்தில் தவித்துப்போவாய்.

இதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதே. உன் அம்மா கடைசி ஆறு வருடம் சுவரைப் பிடித்து நடந்ததை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். வலி ஒரு வாரத்தில் போகாவிட்டாலும், காலில் இறங்கினாலும் டாக்டரிடம் போ. என்னிடம் மறைக்காதே. களத்து சிமெண்ட் தரை பனி ஈரத்தில் வழுக்கும். அங்கே வேண்டாம், மண் தரையில் செருப்பில்லாமல் நில். களைத்த பிறகு ஒரு வீச்சுகூட வேண்டாம். ஐந்து நல்ல வீச்சு, ஓய்வு, மறுபடி ஐந்து.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எலுமிச்சம்பழம் மடியில் இருக்கும், கவலைப்படாதே. என்னுடைய 8 கிலோவைப் பையில் போட்டுக் கொண்டுவருகிறேன்; உனக்கு இப்போது அதுதான் சரி. நீ ஒட்டடைக் கம்பைத் துடைத்து வை. அதுவரை அந்தப் பதினாறு கிலோ உன் கிடங்குக் கதவுக்கு முட்டாக இருக்கட்டும். அதையும் காலால் நகர்த்து, குனிந்து எடுக்காதே.

தட்டுவடை செட் அங்கே போவதற்குள் நமத்துப்போகும் என்பதால் தட்டுவடை தனி, சட்னி தனி.

உன்,
மல்லிகா