இன்ச் டேப் வைத்திருக்கிறாயா, கயல்?

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய மரபணு அறிக்கையைப் பார்த்தேன். உடல் எடையோடு தொடர்புள்ள எஃப்டிஓ மரபணுவில் இரண்டு பிரதியும் ‘ஆபத்து’ வகை என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். அதற்குப் போய் சோற்றைத் தள்ளி வைக்காதே. 2007-ல் இதைக் கண்டுபிடித்தபோதே கணக்கும் வந்துவிட்டது: இரண்டு பிரதி உள்ளவர்கள், ஒன்றுகூட இல்லாதவர்களைவிட சராசரியாக 3 கிலோ கூடுதல். அவ்வளவுதான். உடம்பை அசைப்பவர்களிடம் அதன் பிடி கால்பங்குக்கு மேல் தளர்ந்துவிடுகிறது என்று 2011-ல் 2 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் சுரக்காமல் பிறக்கும் குழந்தைக்குப் பசியே அடங்காது. அது ஒற்றை மரபணுக் கோளாறு, மிக அரிது. உன்னுடையது அந்த ரகம் இல்லை.

நீ கேட்க வேண்டிய கேள்வி, கொழுப்பு எங்கே போய் உட்காருகிறது என்பது. எடையைக் கூட்டும் மரபணுக்களில் பல, மூளையில் பசியோடு விளையாடுகின்றன. இடத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே வேலை செய்பவை. 2015-ல் இடுப்பு–பிட்ட விகிதத்தோடு தொடர்புள்ள 49 இடங்களை நம் மரபணுத் தொகுப்பில் கண்டு பட்டியல் போட்டார்கள். அதில் 20 இடங்களில் ஆண் பெண் வித்தியாசம் தெரிந்தது. அந்த இருபதில் 19 இடங்களின் தாக்கம் பெண்களிடம்தான் அதிகம்.

தொடையில், பிட்டத்தில், தோலுக்கடியில் சேர்வது பத்திரமான கிடங்கு. அது சீக்கிரம் நிரம்பிவிட்டால் மிச்சமெல்லாம் கல்லீரலுக்கும் குடலைச் சுற்றியும் போகும். சர்க்கரை வியாதி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும். 2004-ல் லான்செட் இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் உடம்பையே காட்டினார்கள்: புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%! அதனால்தான் ஐரோப்பியர்களுக்கு பிஎம்ஐ 25 வரை சரி என்றாலும் நம்மவர்களுக்கு 23-லேயே கவனம் வேண்டும். பெண்ணுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் இருக்கணும்.

காலையில் வெறும் வயிற்றில் அள. கடைசி விலா எலும்பின் அடியையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வை. டேப் தரைக்கு இணையாக, தோலை அழுத்தாமல் இருக்கட்டும். மூச்சை இயல்பாக விட்டு முடித்ததும் எண்ணைப் பார். தொப்புளை வைத்து அளக்காதே, வயிறு சரிந்தால் தொப்புளும் கூடவே இறங்கும். பேன்ட் சைஸும் கணக்கில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் வயிற்றை எக்கத் தோன்றும், அதனால் சுவரைப் பார்த்து நில். இரண்டு தடவை அளந்து 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலிலிருந்து அள.

எண்ணை வாட்ஸ்அப்பில் போடு. 80-ஐத் தாண்டியிருந்தால் எச்பிஏ1சி (மூன்று மாத சர்க்கரைச் சராசரி), ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) இரண்டும் பார்த்துவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா